பக்கத்து மனையில் நின்ற கோரை

சவுக்காரத் தண்ணீரில் ஊறிய கோரையை அறுத்தால் ஒரு வாடை வரும். பச்சைத் தண்டின் வாடையும், துணி துவைத்த சோப்பின் வாடையும், அடியில் கிளறிவிட்ட கறுப்புச் சேற்றின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் அன்றைக்கு முழுவதும் இறங்காது. கையை எத்தனை தடவை கழுவினாலும் மத்தியானம் சோற்றைப் பிசையும்போது மறுபடியும் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்றவர்களுக்குக் கறிக்குழம்பு நினைவுக்கு வருமாம், கொடுத்து வைத்தவர்கள். எனக்கு இன்றைக்கும் அந்தக் கோரை வாடைதான் வருகிறது.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாக வரும் நகர்களில் ஒன்றில்தான் எங்கள் வீடு. நகர் என்பது போர்டில் எழுதியிருந்த பெயர். நாங்கள் குடி போன காலத்தில் அங்கே இருந்ததெல்லாம் ஒரு செம்மண் தெரு, மனைகளின் மூலைக்கு மூலை நட்ட கற்கள், நடுநடுவே கட்டிவிட்டுப் பூச்சு பூசக் காசில்லாமல் விட்டிருந்த சில வீடுகள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் அது வயல். கல் நட்டுப் பத்திரம் எழுதி விற்ற விவரம் மனிதர்களுக்குத் தெரிந்ததே தவிர மழைத் தண்ணீருக்கு யாரும் சொல்லவில்லை. வயலாக இருந்தபோது எந்த வழியாகப் போனதோ அதே வழியாக அது ஒவ்வோர் ஐப்பசியும் வந்து போய்க்கொண்டிருந்தது.

கிண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா, கடன் வாங்கிக் கட்டிய அந்த வீட்டைத் தரைமட்டத்திலேயே கட்டிவிட்டார். எங்களுக்குப் பிறகு வலது பக்கத்தில் வந்தவர் புத்திசாலி. இடித்த வீடுகளின் செங்கல்லும் காரையுமாக லாரி லாரியாக 'ரப்பீஸ்' கொட்டி, எங்கள் ஜன்னலின் அடிமட்டத்துக்குத் தன் மனையை உயர்த்திக்கொண்டு அதன் மேல் வீடு கட்டினார். எங்கள் பக்கத்தில் இதற்கு 'ஏத்துறது' என்று பெயர். ஒருவர் ஏத்தினால் அவர் வீட்டுத் தண்ணீர் ஏத்தாதவர் வீட்டுக்கு வரும். அப்படி வந்ததை எங்கள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், காம்பவுண்ட் சுவரில் ஒரு ஓட்டை போட்டு, இடது பக்கத்துக் காலி மனைக்குள் நாங்கள் விட்டுக்கொண்டிருந்தோம். பின்பக்கத்து வீட்டில் இருந்த எஸ்தர் அக்காவும் தன் வீட்டுத் தண்ணீரை அந்த மனைக்குள்தான் விட்டுக்கொண்டிருந்தாள்.

காலி மனை என்பது புறநகர்க்காரர்களுக்குப் பொதுச்சொத்து. தண்ணீர் அங்கே போகும், தேங்காய் மட்டை அங்கே போகும், தீபாவளிக் குப்பை, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, செத்த பெருச்சாளி எல்லாம் அங்கே போகும். அதற்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பதே ஒருவருக்கும் நினைவிருக்காது. எங்கள் இடது பக்கத்து மனைக்குச் சொந்தக்காரர் துலுக்காணம். அந்த ஊரின் பழைய குடி. வயலை மனையாகப் பிரித்து விற்றவர்களில் ஒருவர். எல்லாவற்றையும் விற்ற பிறகு மிஞ்சிய அந்த ஒன்றை நல்ல விலைக்காக வைத்திருந்தார். எப்போதாவது டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து, இறங்காமலே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

இந்த அழகில்தான் அப்பா ஒருநாள் மின்சார ரயிலில், ஈரமான செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கடைகளின் வாசலிலும் ஓட்டல் குளங்களிலும் நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்புயரத்துக்கு இலையில்லாத பச்சைத் தண்டாகப் போய், உச்சியில் மட்டும் குடைக்கம்பி மாதிரி சுற்றிலும் விரியும் கோரை. அலுவலகத் தோட்டத்துத் தொட்டியில் பிடுங்கிப் போட்டிருந்தார்களாம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் சொதசொதவென்று இருந்த மூலையில் அதை நட்டுவிட்டு, முழங்கால் சேற்றோடு நிமிர்ந்து, "இனிமே கவலையில்ல. தண்ணியை அது குடிச்சிக்கும்" என்றார்.

அந்த வார்த்தையை அம்மா அவரை மறக்கவே விடவில்லை. ஏனென்றால் அது எவ்வளவு குடித்ததோ அதைவிட அதிகமாக வளர்ந்தது. மூலையை அடைத்தது, துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டது, கொடியில் காயும் புடவைத் தலைப்பைத் தொட்டுப் பழுப்புக் கறை வைத்தது. தவளை வந்தது, தவளைக்காக ஒரு சாரைப்பாம்பு வந்தது, இரண்டுக்கும் நடுவில் கொசு வந்தது. "குடிக்கிதாம் குடிக்கிது! குடிச்சிட்டு நம்ம மேலயே ஏறுது" என்று அம்மா ஒவ்வொரு துணியை அலசும்போதும் ஒரு தடவை சொல்லுவாள். அப்பாவுக்குக் காது கேட்காது. செய்தித்தாளைக் கையில் எடுத்தால் அவருக்குக் காது கேட்காது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை தோறும் அரிவாளை என் கையில் கொடுத்தார்கள். தம்பிக்குச் சளி, தம்பிக்குச் சேறு ஆகாது. எனக்கு எல்லாம் ஆகும். குனிந்து, குடை விரிந்த தலைகளை முதலில் கழித்து, பிறகு தண்டை அடியோடு அறுத்து, அள்ளிக்கொண்டு போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசுவேன். வேறு எங்கே வீசுவது? காலி மனை எதற்கு இருக்கிறது? தலைகள் சுவரைத் தாண்டிப் பறந்துபோய், நாங்கள் விட்ட தண்ணீரிலேயே தொப் தொப்பென்று விழும்போது மட்டும் ஒரு சின்ன திருப்தி இருக்கும்.

அடுத்த மழைக்காலம் முடிந்து பார்த்தால் காலி மனை முழுக்கக் கோரை.

எப்படி வந்தது என்று வீட்டில் ஒரு வாரம் ஆராய்ச்சி நடந்தது. வேர் சுவருக்கடியில் போயிருக்கும் என்றார் அப்பா. குருவி விதையைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கும் என்றாள் எஸ்தர் அக்கா. அவள் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொடுப்பவள். தையல் மிஷினை விட்டுவிட்டுப் பின்சுவரில் கையை ஊன்றி அம்மாவோடு பேசுவதுதான் அவளுக்கு ஓய்வு. விடை கடைசியில் குளியலறைக்கு வெளியே கிடந்த ஓட்டை வாளியில் கிடைத்தது. நான் வெட்டிய தலை ஒன்று அதில் தவறி விழுந்து, குடை கீழாகவும் காம்பு மேலாகவும் மழைத் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது. தூக்கிப் பார்த்தால் இலைகள் சேருமிடத்தில் வெள்ளை வெள்ளையாக வேர், அதன் நடுவே இரண்டு மூன்று புதுக் குருத்து. இந்தக் கோரையின் தலையை வெட்டித் தண்ணீரில் கவிழ்த்துப் போட்டால் அது செடியாகிவிடும். ஒரு மழைக்காலம் முழுவதும் நான் அதை ஒழிக்கவில்லை, நட்டிருக்கிறேன். அம்மா அந்தத் தலையை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அப்பாவைப் பார்த்து, "உங்க பொண்ணுதான், சந்தேகமே இல்ல" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அந்தத் தை மாதம்தான் துலுக்காணம் முதன்முறையாக வண்டியை நிறுத்தி இறங்கினார். கூடவே மனை வாங்க வந்தவர்கள், கணவனும் மனைவியும் மாமனாருமாக. மாமனார் இந்தப் பக்கத்து ஆள் போலிருக்கிறது. தெருவில் நின்றபடியே கோரையைப் பார்த்தார், செருப்பைக்கூட மண்ணில் வைக்கவில்லை. "கோரை நிக்குது. தண்ணி நிக்கிற எடம். வாங்கப் போலாம்" என்று திரும்பிவிட்டார். அடுத்து வந்தவர்களும் அப்படியே. அதற்கடுத்து வந்தவர் ஒருபடி மேலே போய், ஏரியை ஏன் மனை என்று காட்டுகிறாய் என்று தரகரைச் சண்டைக்கே இழுத்தார்.

துலுக்காணம் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பாவிடம் அவருக்கு மரியாதை உண்டு. "இன்னா சார் இது, நாயத்தை நீயே சொல்லு. பார்ட்டிய இட்டாந்தா அவன் மனைய எங்க பாக்குறான், கோரையத்தான் பாக்குறான். வந்தவன்லாம் ஓடிப்பூட்றான். உங்க வூட்டுலேர்ந்து வந்ததுதான சார் இது? பேஜாரா கீது." அப்பாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. ஆள் வைத்து வேரோடு எடுத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் அரிவாளைத் தூக்கிப் பரண் மேல் போடப் போகும் நாளை எண்ணிச் சந்தோஷப்பட்டேன்.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். துலுக்காணத்தின் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் வெளியே வந்து, "அதுல ஒண்ணைக்கூட யாரும் தொடக் கூடாது" என்றாள்.

நானும் அப்பாவும் வாயைப் பிளந்தோம். இத்தனை நாளாக இரவும் பகலும் கோரையைக் கரித்துக் கொட்டியவள் இவள்தானா?

"வலது பக்கத்துக்காரன் ஏத்தினப்ப என்ன ஆச்சுன்னு பாத்தீங்க இல்ல? இந்த மனையும் வித்து, வாங்கினவன் ஏத்திட்டான்னா? தண்ணி எங்க போகும்? அதச் சொல்லுங்க முதல்ல."

"அடுத்தவன் மனையில நம்ம அழுக்குத் தண்ணியை விட்டதே தப்பு. இதுல அவன் விக்காம இருக்கக் கோரை வேற வளத்துக் குடுக்கணுமா?"

"தப்போ ரைட்டோ. தண்ணி எங்க போகும்?"

அப்பா செய்தித்தாளை எடுத்தார். ஆள் வைக்கவும் அம்மா விடவில்லை. பொறுத்துப் பார்த்த துலுக்காணமே ஒருநாள் இரண்டு பேரைக் கூட்டிவந்து மொத்தக் கோரையையும் வெட்டச் சொன்னார். அவர்கள் வெட்டினார்கள். வெட்டியதை அள்ளிப் போட வேறு இடமில்லாததால் அந்தத் தண்ணீரிலேயே, தலையும் தண்டுமாகப் பரப்பிவிட்டுப் போனார்கள். அம்மாவும் எஸ்தர் அக்காவும் பின்சுவரில் கையை ஊன்றி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வெட்றவன் நல்லா இருக்கணும்" என்றாள் எஸ்தர் அக்கா. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவளுக்கும் இது விளையாட்டில்லை. தையல் மிஷினும் தைக்க வந்த துணிகளும் தரையோடு தரையாக இருந்த வீடு அவளுடையது.

மழை இருக்கிறவரை சரி. கோடை வந்ததும் மனை வறண்டது, சேறு வெடித்தது, கோரை நுனியிலிருந்து பழுத்துக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்புறம் என்ன, என் கையில் வாளி வந்தது. துணி அலசிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று சாயங்காலமானால் வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊற்ற வேண்டும். தெருவில் குடிதண்ணீர் லாரிக்கு வரிசை நின்று குடத்தால் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று சொன்னால், "கோரை காஞ்சா அப்புறம் வீட்டுக்குள்ள உக்காந்து எங்கடி படிப்பே?" என்பாள். வெட்டவும் நான், அதற்குத் தண்ணீர் ஊற்றவும் நான். நகரில் வேறு எந்தப் பெண்ணுக்காவது இந்தத் தலையெழுத்து உண்டா என்று சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சத்தமாகவே கேட்பேன். தவளைகூடப் பதில் சொல்லாது.

அப்படியே சில வருடங்கள் ஓடின. நான் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் ஒரு கார் வந்து நின்றது. அதுவரை வந்தவர்களெல்லாம் ஸ்கூட்டரில் வந்தவர்கள். இறங்கிய கணவன் மனைவி இருவருக்கும் கேளம்பாக்கம் பக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு ஏரி தெரியாது, வயல் தெரியாது, கோரை என்ற வார்த்தையே தெரியாது. நகர் முழுக்க மண் பழுப்பாக வெடித்துக் கிடந்த அந்த மே மாதத்தில், எங்கள் வீட்டு அழுக்குத் தண்ணீர் அத்தனையும் குடித்து வளர்ந்த கோரை மட்டும் பச்சைப்பசேலென்று காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

"வாவ்!" என்றாள் அந்தப் பெண். வித்யா என்று பிறகு தெரிந்தது. "இது நர்சரியில ஒரு தொட்டி எவ்வளவு சொல்றான் தெரியுமா? இங்க பாருங்க, ஃப்ரீயா வளந்திருக்கு!"

துலுக்காணம் ஒரு கணம் திகைத்துப்போனார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "ஆமாம்மா, நம்ம மனையில அது தானா வரும். மண்ணு அப்டி" என்றார். நான் காலி வாளியோடு சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். என் தோள்பட்டை வலி எனக்குத்தான் தெரியும்.

அம்மா வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பெண் சுவரோரம் வந்து, "ஆன்ட்டி, இங்க மழை நாள்ல தண்ணி நிக்குமா?" என்று கேட்டதுதான் தாமதம், "நிக்குமே! முட்டி வரைக்கும் நிக்கும். பாம்பு வரும். ஒரு மாசம் வடியாது" என்று ஒரே மூச்சில் கொட்டினாள். அத்தனையும் உண்மை.

வித்யா சிரித்தாள். நல்ல பெண்தான், சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை. "பரவால்ல ஆன்ட்டி, நாங்க ஏத்திடுவோம்."

அம்மாவின் முகத்தை அப்போது பார்த்தவள் நான் ஒருத்திதான். அவள் உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் நான் பழக்கத்தில் வாளியைத் தூக்கியபோது, "வேணாம், கீழ வெச்சிடு" என்றாள். எத்தனையோ நாள் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. கேட்டபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை.

லாரிகள் வந்தன. வித்யா கோரையில் கொஞ்சத்தைத் தோண்டி எடுத்துத் தொட்டிகளில் பத்திரப்படுத்திக்கொண்டாள். மீதியின் மேல் ரப்பீஸ் விழுந்தது. மனை எங்கள் ஜன்னலையும் தாண்டி உயர்ந்தது. அந்த வருடத்து முதல் பெரிய மழையில் சுவர் ஓட்டை வழியாக வெளியே போக வேண்டிய தண்ணீர், அதே ஓட்டை வழியாக உள்ளே வந்தது. அப்பா கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சாக்கை வைத்து ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தபோது, பின்சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் தையல் மிஷினைக் கட்டில் மேல் தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அம்மா அன்றைக்கு அப்பாவை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இப்போது எங்கள் நகரில் காலி மனையே கிடையாது. சாலையையும் தார் மேல் தார் போட்டு ஏத்திவிட்டார்கள். தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்குள் போகப் படி இறங்க வேண்டும். கார்த்திகை பிறந்தால் ஃப்ரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றி வைப்பது பண்டிகைக்கு வெள்ளையடிப்பது போல ஒரு வழக்கமாகிவிட்டது. துலுக்காணம் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். நகரில் ஏத்தாமல் மிஞ்சியிருப்பவை இரண்டே வீடுகள், எங்களுடையதும் எஸ்தர் அக்காவுடையதும். வித்யா வீட்டு கேட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைத் தொட்டிகளில் கோரை நிற்கிறது. வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். அம்மாவை என்னோடு வந்து இருக்கச் சொல்லி நானும் தம்பியும் கேட்டுச் சலித்துவிட்டோம். அடுக்குமாடி கட்டுகிற ஒருவர் எங்கள் இடத்தைக் கேட்கிறார். போன வாரம் தரகர் அவரைக் கூட்டி வருவதாக இருந்ததால் வீட்டை ஒழுங்குபடுத்தலாம் என்று காலையிலேயே போனேன். கொல்லைப்பக்கம் போனால் அதே வாடை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் பாதி தண்ணீர், தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்ட கோரைத் தலைகள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "என்னம்மா இது?"

"வித்யா வீட்ல வெட்டிப் போட்டாங்க, கேட்டு வாங்கியாந்தேன். இங்க தண்ணி நிக்குதில்ல. அது குடிச்சிக்கும்."

அப்பாவின் வார்த்தை. அதை வைத்து அவரை ஆயுசு முழுக்கப் படுத்தியெடுத்தவள், ஒரு நமுட்டுச் சிரிப்புகூட இல்லாமல் சொன்னாள்.

"இப்ப வர்றவன்லாம் கோரையப் பாத்து ஓட மாட்டாம்மா. உனக்கே தெரியும். அவன் பாட்டுக்கு ஏத்திடுவான். நீ எங்க வீட்டுக்கு வந்து நிம்மதியா இரு. உனக்கென்ன கவலை?"

அம்மா பின்சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் எஸ்தர் அக்காவின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் வயதாகிவிட்டது, விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது.

"ஏத்தட்டும்டி. ஏத்தினா தண்ணி எங்க போகும்? அதச் சொல்லு முதல்ல."

என்னிடம் மடித்துப் பிரிக்க ஒரு செய்தித்தாள்கூட இல்லை. கைப்பையில் தரகரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. வாளியில் ஒரு தலை புரண்டு நிமிர்ந்து கிடந்தது. இந்த அம்மாவோடு மனிதர் குப்பை கொட்ட முடியுமா என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்து, அதைத் தண்ணீருக்குள் கவிழ்த்துப் போட்டேன்.